மார்ச் பதினான்கில் இடமில்லை

மார்ச் பதினான்காம் தேதி ஒரு விஷயம் கண்டுபிடிக்கப்படுவது எவ்வளவு பெரிய அபத்தம் என்று அந்தத் தையல்காரருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லப்போனால் அவர் எதையும் கண்டுபிடிக்கவும் இல்லை. ஒரு பாட்டில் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்து, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான்.

அவருக்கு ஆறு வயதில் ஒரு மகள். வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள். கடைக்குள் வந்தால் அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாடிக்கையாளர்களின் முழங்காலை அளந்து தொல்லை கொடுப்பாள். அந்த வருஷம் ஜனவரியிலிருந்து அவள் யாருடைய முழங்காலையும் அளக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். முகம் வெளுத்தது. பிறகு செருப்பு காலில் நிற்காமல் போனது. நடக்கும்போது பாதம் தூக்காமல் தரையில் இழுபட்டது. பத்தடிக்கு ஒருமுறை செருப்பு பின்னால் தங்கிவிடும். அவள் முன்னால் போய்விடுவாள்.

"அப்பா, என் செருப்புக்கு என்னைப் பிடிக்கலையா?" என்று ஒருநாள் கேட்டாள். தையல்காரர் குனிந்து செருப்பை மாட்டிவிட்டார்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் பேசுகிறவர்.

"உங்க தெருவுலேர்ந்தே இது நாலாவது குழந்தை. குடிக்கிற தண்ணியிலதான் ஏதோ இருக்கு. எனக்கு ரெண்டு சந்தேகம். ரெண்டுக்கும் மருந்து வேற வேற. மாத்திக் குடுத்தா குழந்தையோட கிட்னி போயிடும். தண்ணியில என்ன இருக்குன்னு முத்திரையோட எழுதி வாங்கிட்டு வாங்க. அன்னைக்கே மருந்து ஆரம்பிச்சிடறேன்."

"ரத்தத்துல பார்க்க முடியாதாம்மா?"

"ரத்தமும் அதே இடத்துக்குத்தான் போகணும். போன வருஷம் அனுப்பின ரத்தமே இன்னும் திரும்பல."

அதே இடம் என்றால், ஊரில் இருந்த ஒரே பரிசோதனை நிறுவனம். ஒரு காலத்தில் அங்கே நிஜமாகவே தண்ணீர், மண், ரத்தம் எல்லாம் சோதித்தார்களாம். பிறகு எந்தப் புண்ணியவானோ ஒரு விஞ்ஞானியின் பிறந்தநாளுக்குப் படம் வைத்து, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, ஊழியர்களை மதியமே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். யோசனை எல்லோருக்கும் பிடித்துப்போனது. விஞ்ஞானிகளுக்கோ பஞ்சமில்லை. தோண்டத் தோண்ட, வருஷத்தில் எந்த நாளும் சும்மா இல்லை என்று தெரியவந்தது. காலையில் ஒருவர் பிறப்பார், மதியம் ஒருவர் இறப்பார், நடுவில் ஒருவர் எதையாவது கண்டுபிடிப்பார். இதற்கிடையில் தண்ணீரைச் சோதிக்க யாருக்கு நேரம்? பலகையில் இருந்த பரிசோதனை என்ற வார்த்தையை அழித்துவிட்டு, நினைவுநாள் என்று எழுதினார்கள். சம்பளம் மட்டும் பழையபடி வந்துகொண்டிருந்தது.

தையல்காரருக்கு அந்த இடம் புதிதல்ல. அங்கே தினமும் ஒரு படம் திறக்கப்படும். படத்துக்கு முன்னால் தொங்கும் சின்னத் திரையை அவர்தான் தைத்துக் கொடுப்பார். சோதனை மெஷின்களுக்கு வெல்வெட் உறை தைத்ததும் அவர்தான். மெஷினுக்கு ஏன் உறை என்று அன்று கேட்காமல் போனோமே என்று பின்னால் பல நாள் தலையில் அடித்துக்கொண்டார்.

தண்ணீர் பாட்டிலோடு அவர் போய் நின்றது மார்ச் முதல் தேதி. வாசலிலேயே பியூன் பாட்டிலை வாங்கி ஒரு மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டினார்.

"ஏங்க, சோதிக்கணும்னு குடுத்தா உள்ள போட்டுப் பூட்டறீங்களே?"

"இன்னைக்கு டிராயர் நாளுங்க. எது வந்தாலும் டிராயருக்குள்ளதான் போகணும்."

விளக்கம் சொல்ல இயக்குநரே வந்தார். நல்ல உயரம், நல்ல குரல், எப்போதும் கூட்டத்தைப் பார்த்துப் பேசுவது போன்ற பார்வை. எதிரில் ஒரே ஒரு தையல்காரர் நின்றாலும் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார்.

"பெக்கரல்னு ஒருத்தர். வெயில் இல்லைன்னு சோதனையை நிறுத்திட்டு, எல்லாத்தையும் டிராயருக்குள்ள போட்டு வச்சார். மார்ச் ஒண்ணாம் தேதி எடுத்துப் பார்த்தா, கதிரியக்கம்! இதுலேர்ந்து நமக்கு என்ன தெரியுது?"

"எடுத்துப் பார்க்கணும்னு தெரியுதுங்க."

"இல்ல. உள்ள போடணும்னு தெரியுது. இந்த நிறுவனத்துல உள்ள போட்ட எதையும் நாங்க அவசரப்பட்டு எடுக்கறதில்ல. உங்க தண்ணி பெரிய பாரம்பரியத்துல சேர்ந்திருக்கு. சந்தோஷமாப் போங்க."

சந்தோஷமாகப் போக முடியவில்லை. போனார்.

அந்தத் தண்ணீர் இன்று வரைக்கும் டிராயரிலேயே கிடந்திருக்கும். ஆனால் அந்த மாதம்தான் ஒரு இளம் பெண் வேதியியலாளராக அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தாள். புதுசு, நிறுவனத்தின் போக்கு பிடிபடவில்லை. மார்ச் பதினான்காம் தேதி எல்லோரும் கூடத்தில் விழாவில் இருந்தபோது, சும்மா இருப்பானேன் என்று டிராயரைத் திறந்து, மெஷினின் உறையைக் கழற்றி, தண்ணீரைச் சோதித்துவிட்டாள். முடிவும் வந்துவிட்டது.

பியூன் மூலம் தகவல் தெரிந்து தையல்காரர் மறுநாள் காலை ஓடினார். கடைச் சாவியை வீட்டிலேயே மறந்துவிட்டார், அவ்வளவு வேகம். அவரைத் தேதிப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே சுவர் முழுக்க ஒரு நாட்காட்டி. ஒவ்வொரு தேதிக்கும் ஐந்து கட்டம். நாட்காட்டிக்குக் கீழே தேதிப் பிரிவின் மேலாளரம்மா, யாரோ நெருங்கிய உறவை இழந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

"போயும் போயும் மார்ச் பதினாலுலயா சார் கண்டுபிடிப்பாங்க?" என்றார் எடுத்த எடுப்பில். "ஐன்ஸ்டீன் பிறந்தது அன்னைக்கு. ஹாக்கிங் இறந்தது அன்னைக்கு. எர்லிச், ஸ்கியாபரெல்லி, சியர்பின்ஸ்கி மூணு பேரும் பிறந்தது அன்னைக்கு. அஞ்சு கட்டமும் முடிஞ்சுதா? அதுக்கு மேல பை நாள் வேற. மூணு புள்ளி ஒண்ணு நாலு. அதுக்கு இடம் இல்லாம சுவருக்கு வெளியில ஒட்டி வச்சிருக்கோம். இதுல உங்க தெருக் குழாயை எங்க சார் வைக்கறது?"

"வைக்கவே வேணாம்மா. தண்ணியில என்ன இருக்குன்னு மட்டும் சொல்லிடுங்க. நான் போயிடறேன்."

"எப்படிச் சொல்றது? சொன்னா கண்டுபிடிப்பு. கண்டுபிடிப்புன்னா தேதி வேணும். தேதியில இடமில்ல. அதனால கண்டுபிடிப்பு நடக்கல."

"நடந்துடுச்சேம்மா! அந்தப் பொண்ணு பார்த்துட்டாங்களே!"

"பார்த்தது வேற, நடந்தது வேற சார்."

தையல்காரர் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"அப்ப அந்தத் தண்ணியைக் குடிக்கலாமா, வேணாமா?"

அம்மையார் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கருணையோடு குரலைத் தாழ்த்தினார். "அது உங்க சொந்த விருப்பம் சார்."

அந்த வேதியியலாளரைப் பார்த்துக் கேட்டுவிடலாம் என்று மாடிக்கு ஓடினார். அவளைக் காலையிலேயே தூரத்துக் கிளைக்கு மாற்றியிருந்தார்கள். காரணம், அகாலக் கண்டுபிடிப்பு. எந்தக் கிளை, என்ன நம்பர் என்று கேட்டதற்கு, மாற்றப்பட்டவர்களின் விலாசத்தை வெளியே கொடுக்க விதியில்லை என்று பியூன் வருத்தத்தோடு சொன்னார். முடிவு யாரிடம் இருக்கிறது என்றால் இயக்குநரிடம். இயக்குநர் எங்கே என்றால் விழாவில்.

அன்று வீட்டில் மனைவி அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"ஏங்க, நம்ம எல்லாருக்கும் தெரியுமே தண்ணி சரியில்லன்னு."

"தெரியும். ஆனா நடக்கலையாம்."

அவளுடைய அண்ணன் வேலை பார்க்கும் இடத்திலிருந்து தினமும் சைக்கிளில் இரண்டு கேன் தண்ணீர் கொண்டுவர ஏற்பாடானது. மச்சான் நல்ல மனிதர். முதுகு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே கொண்டுவருவார். ஆனால் தெருவில் எல்லோருக்கும் மச்சான் இல்லை. லாரியில் தண்ணீர் அனுப்புங்கள் என்று குழாய் அலுவலகத்தில் போய்க் கேட்டால், தண்ணீர் கெட்டது என்பதற்கு முத்திரை கேட்டார்கள். முத்திரை, நினைவுநாள் நிறுவனத்தில் இருந்தது. நல்ல தண்ணீர் குடித்தும் வாலுவின் கால் தூக்கவில்லை. உள்ளே போனது உள்ளேயே இருக்கிறது, அதை மருந்துதான் வெளியே இழுக்கணும் என்றார் டாக்டரம்மா.

தையல்காரர் நிறுவனத்துக்கு நடையாய் நடந்தார். இதையெல்லாம் எழுதும்போது எனக்கே வயிறு எரிகிறது. அந்த மனிதருக்கு எப்படி இருந்திருக்கும்?

மே கடைசியில் போனபோது, முற்றத்தில் இரண்டு குமாஸ்தாக்கள் எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் பொம்மைத் துப்பாக்கியால் குறிபார்த்துக்கொண்டிருந்தார்கள். கால்வா என்ற இளம் கணித மேதை துப்பாக்கிச் சண்டையில் குண்டடிபட்ட நாளாம். சுடப்பட வேண்டியவர் சம்பள உயர்வில் முந்தியவர், சுட வேண்டியவர் பிந்தியவர். அதனால் சண்டையில் கொஞ்சம் உண்மை கலந்துவிட்டது. ஒருவருக்குக் கண்ணாடி உடைந்தது. இயக்குநர் அதற்கான விசாரணையில் இருந்தார்.

ஆகஸ்ட் இருபத்து நான்கில் போனார். கட்டிடமே துக்கத்தில் இருந்தது. புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து நீக்கிய நாள். அது கண்டுபிடிக்கப்பட்ட பிப்ரவரி பதினெட்டில் ஆடிப்பாடிக் கொண்டாடுகிறவர்கள், நீக்கப்பட்ட நாளில் அழாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்? தேதிப் பிரிவு அம்மையார் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, என் பொண்ணு..."

"இன்னைக்குப் பேசாதீங்க சார். எங்க வீட்டுல ஒருத்தர் போன மாதிரி இருக்கு."

"அம்மா, என் பொண்ணால சுவரைப் பிடிக்காம நடக்க முடியல."

"அதுவும் சுத்திக்கிட்டுத்தான் சார் இருக்கு. ஆனா கணக்குல இல்ல." மறுபடி அழுதார். புளூட்டோவைச் சொல்கிறார் என்று தையல்காரருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

அன்று அவர் நகரவில்லை. இயக்குநரின் அறை வாசலில் தரையில் உட்கார்ந்துவிட்டார். வருபவர் போகிறவரெல்லாம் அவரை மௌன அஞ்சலியில் இருப்பதாக நினைத்து, பக்கத்தில் நின்று தலை குனிந்துவிட்டுப் போனார்கள். மதியத்துக்கு மேல் இயக்குநர் வெளியே வந்து, அவருடைய துக்கத்தைக் கண்டு நெகிழ்ந்துபோய் உள்ளே அழைத்தார். தையல்காரர் விஷயத்தைச் சொன்னார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

இயக்குநர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

"உங்க வேதனை எனக்குப் புரியுது. ஆனா நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். கண்டுபிடிக்கறது யார் வேணும்னாலும் செய்யலாம். ஞாபகம் வைக்கறதுதான் கஷ்டம். நாங்க ஆராய்ச்சியை நிறுத்தினதுலேர்ந்து இந்த நிறுவனத்துல ஒரு தப்பு நடந்திருக்கா? ஒரு சோதனை தோத்திருக்கா? முன்னெல்லாம் தினம் எதையாவது தப்பாச் சொல்லுவோம், ஜனங்க வந்து சண்டை போடுவாங்க. இப்ப நாங்க சொல்றதெல்லாம் நூறு வருஷம் முன்னாடியே சரின்னு ஆனது. எவன் கேள்வி கேப்பான்? ஒரு நிறுவனத்துக்கு இதைவிட என்ன பெருமை வேணும்?"

"சார், பெருமை உங்களுக்கே இருக்கட்டும். தண்ணியில என்ன இருக்குன்னு..."

"அவசரம்! அதான் உங்க பிரச்சினை." ஆனால் மனிதர் மனம் இளகித்தான் இருந்தார். தேதிப் பிரிவைக் கூப்பிட்டார். அதிர்ஷ்டம் என்றால் அதிர்ஷ்டம், ஒரு கணித மேதையின் பிறந்தநாள் பழைய நாட்காட்டிப்படி எழுதப்பட்டிருப்பது அந்த வாரம்தான் தெரியவந்திருந்தது. அவரைப் பதினோரு நாள் தள்ளிக் குடிவைத்ததில், செப்டம்பர் நடுவில் ஒரு கட்டம் காலியாகியிருந்தது.

"அன்னைக்கே வச்சுக்கலாம். பெரிய விழா. கண்டுபிடிப்பைக் கல்லுல வெட்டிடலாம். திரையை நீங்களே தைச்சுக் குடுங்க. நல்ல வெல்வெட்டாப் போடுங்க. அப்புறம், மேடையில வைக்க உங்க குழாய்த் தண்ணி ஒரு கேன் கொண்டுவாங்க. மூலப்பொருள் கண்ணுக்கு முன்னாடி இருக்கணும்."

"என்ன மருந்துன்னு அதுல தெரியுமா சார்?"

"கல்லுல எழுதினா எல்லாம் தெரியும்."

அவர் அன்றே திரையைத் தைக்க உட்கார்ந்தார். அடர்ந்த சிவப்பு வெல்வெட். வாலு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, மிச்சத் துணியைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாள். ஓரம் மடிக்கும்போது அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்தக் கூடத்துத் திரைக் கயிறு அடிக்கடி சிக்கும். சிக்கினால், கயிறு கண்டுபிடித்தவரின் நாள் வரைக்கும் காத்திருக்கச் சொல்ல மாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? இவர்களை நம்பிக் கெட்டது போதும் என்று, திரையின் மேல்பக்கத்தை மெஷினில் அடிக்காமல் கையால் நீள நீளமாக ஓட்டுத் தையல் போட்டார். ஒரு நுனியை முடிச்சுப் போடாமல் விட்டார். அந்த நுனியைப் பிடித்து இழுத்தால் போதும், முழுத் திரையும் கீழே விழும்.

விழாவன்று கூடம் நிறைந்திருந்தது. மேடையில் இயக்குநர், அவருக்கு முந்தைய இயக்குநர், தேதிப் பிரிவு அம்மையார். பின்சுவரில் சிவப்புத் திரை. அதற்குப் பின்னால் கல். மனைவியும் வாலுவும் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அறை வாசலில் காத்திருந்தார்கள். கல்லில் இருப்பதை ஒரு தாளில் எழுதி, முத்திரை வாங்கி, ஓடவேண்டியதுதான் பாக்கி. தையல்காரர் கடைசி வரிசையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

பேசினார்கள். பழைய இயக்குநர் தன் காலத்து டீ எப்படி இருந்தது என்பதில் தொடங்கி, ஒவ்வொரு விஞ்ஞானியாகக் கடந்து வந்தார். புழுக்கம் தாங்கவில்லை. மின்விசிறி ஒன்று மேடைக்கு மேலே சுற்றுவதாக நடித்துக்கொண்டிருந்தது. தெருக் குழாய்த் தண்ணீரைக் கேனோடு வைத்தால் அசிங்கமாக இருக்கும் என்று யாரோ அதை ஒரு பளபளப்பான கண்ணாடி ஜாடியில் ஊற்றி மேஜை நடுவில் வைத்திருந்தார்கள். மேடையில் ஜாடி இருந்தால் அது குடிக்கத்தானே? பியூன் வழக்கம்போல மூன்று டம்ளரையும் நிரப்பினார். பழைய இயக்குநர் ஒரே மூச்சில் குடித்தார். அம்மையார் பாதி குடித்தார். இயக்குநர் ஒரு டம்ளர் முடித்து இன்னொன்று கேட்டார்.

தையல்காரர் எழுந்து நின்று கத்தினார். "குடிக்காதீங்க சார்!"

வாசல் காவலாளி அவர் தோளைப் பிடித்து அழுத்தினார். "உக்காருங்க. கேள்வி நேரம் கடைசியில."

"ஐயோ, அது எங்க தெருத் தண்ணிங்க!"

இயக்குநர் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். ஜாடியைப் பார்த்தார். பிறகு மைக்கில், கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி சிரித்தார்.

"அதனால என்ன? இன்னும் திரை திறக்கலையே. திறக்கற வரைக்கும் தண்ணி வெறும் தண்ணிதான்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் அம்மையார் வயிற்றில் கை வைத்துக்கொண்டார். பழைய இயக்குநர் நாக்கை வெளியே நீட்டி, அதை எட்டிப் பார்க்க முயற்சி செய்துகொண்டிருந்தார். அவர்களைப் பார்த்ததும் இயக்குநரின் சிரிப்பு மெல்லக் கழன்றது. நெற்றி வியர்த்தது.

"அன்பர்களே, இந்தத் தேதியைப் பத்தி ஒரு சின்ன சந்தேகம் எழுந்திருக்கு. ஆகவே இன்னைக்குக் கண்டுபிடிப்பு எதுவும் நடக்காது. விழா ஒத்திவைக்கப்படுது. அடுத்த காலி இடம் வரும்போது..."

அதற்குள் தையல்காரர் மேடையில் இருந்தார். எப்படிப் போனார் என்று அவருக்கே தெரியாது. காவலாளி கயிற்றைக் காப்பாற்றப் பாய்ந்தார். தையல்காரர் கயிற்றைத் தொடவே இல்லை. ஓரத்தில் தொங்கிய நூல் நுனியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். சிவப்பு வெல்வெட் அப்படியே சரிந்து அவர் தலைமேல் விழுந்தது. அதைத் தள்ளிவிட்டு நிமிர்ந்து கல்லைப் பார்த்தார்.

அழகான எழுத்து. பொன் பூசியிருந்தார்கள். இந்நாளில், இந்நிறுவனத்தின் இயக்குநர் அவர்களின் தலைமையிலும், முன்னாள் இயக்குநர் அவர்களின் முன்னிலையிலும், தேதிப் பிரிவு மேலாளர் அவர்களின் ஒத்துழைப்பிலும், மகத்தானதொரு கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. கீழே கல் வெட்டியவர், பொன் பூசியவர், கல்லைச் சுமந்த லாரி.

என்ன கண்டுபிடிப்பு என்று இல்லை. தையல்காரர் இன்னொரு முறை படித்தார். கல்லின் பக்கவாட்டில் தேடினார். விரலால் தடவிப் பார்த்தார்.

"எங்க சார்? தண்ணியில என்ன இருந்துதுன்னு எங்க?"

"இடம் பத்தல," என்றார் அம்மையார், வயிற்றைப் பிடித்தபடி. "பதவி எல்லாம் நீளம்."

"சார், உங்ககிட்டதானே முடிவு இருந்தது? படிச்சீங்கல்ல?"

"நான் ஏன்யா படிக்கணும்? தேதியைத்தான் பார்த்தேன். மார்ச் பதினாலுன்னு இருந்துது. கிழிச்சுப் போட்டுட்டேன்." இயக்குநரின் குரலில் முதல்முறையாகக் கடைசி வரிசை இல்லை. தையல்காரரின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "யோவ், சொல்லுய்யா. இதுல என்ன இருக்கு? என்ன இருக்கு இதுல?"

ஆறு மாதமாகத் தான் கேட்ட கேள்வி இன்னொருவர் வாயிலிருந்து வருவதைத் தையல்காரர் கேட்டார். அடிக்கத்தான் கை போனது. ஆனால் அடித்து நேரத்தை வீணாக்க முடியாது.

"அந்தப் பொண்ணுக்குப் போன் போடுங்க சார்."

மாற்றப்பட்டவர்களின் விலாசம் சம்பந்தப்பட்ட விதி அந்த நொடியே காணாமல் போனது. பியூன் தன் சொந்த செல்போனிலேயே அந்த நம்பரை வைத்திருந்தார். மணி அடித்தது. இயக்குநர் போனைப் பிடுங்கி மைக்குக்குப் பக்கத்தில் வைத்துக் கத்தினார். "அம்மா, அந்தக் குழாய்த் தண்ணி! அதுல என்னம்மா இருந்துது?"

"ஈயம் சார்." குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "பழைய குழாயிலேர்ந்து கரையுது. ரொம்ப அதிகம். அன்னைக்கே எழுதிக் குடுத்தேனே. பசங்க யாராவது குடிக்கிறாங்களா சார்? அப்புறம் யாருமே என்னைக் கேக்கலையே."

ஊசியில் நூல் கோர்க்கும் நேரம்கூட ஆகவில்லை. தையல்காரர் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மார்ச்சிலிருந்து நடந்தார். அழுகை வந்தது, ஆத்திரம் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

இயக்குநரின் கார் ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. கதவு சாத்துவதற்குள் தையல்காரரும் உள்ளே ஏறிக்கொண்டார். கையில் அந்தத் திரைத் துணி சுருண்டு கிடந்தது, எறியத் தோன்றவில்லை.

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டார். இயக்குநரின் நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார்.

"ஒரு வேளை குடிச்சதுக்கு உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. வருஷக்கணக்காக் குடிச்சாத்தான் ஆபத்து."

"எனக்கு இங்க வலிக்குதும்மா. மருந்து குடுங்க."

டாக்டரம்மா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, இந்தத் தெருக் குழாய்த் தண்ணீரில் ஈயம் இருக்கிறது, குடிக்கத் தகாது என்று எழுதி அவர் முன்னால் நகர்த்தினார்.

"முதல்ல இதுல கையெழுத்தும் முத்திரையும் போடுங்க. அப்புறம் உங்க வலியைப் பார்ப்போம்."

இயக்குநர் சட்டைப் பையிலிருந்து முத்திரையை எடுத்தார். "இன்னைக்குத் தேதி ஒத்திவச்சாச்சேம்மா. எந்தத் தேதி போடறது?"

"தேதியே போட வேணாம்."

"தேதி இல்லாமலா?" அந்த மனிதர் வாழ்க்கையில் அப்படி ஒரு பயத்தை அனுபவித்திருக்க மாட்டார். சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். வயிற்றில் மறுபடி சுருக்கென்றது. போட்டார்.

வாலுவுக்கு அன்றே மருந்து ஆரம்பித்தது. தெருவின் மற்ற குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். லாரித் தண்ணீர் வந்தது, குழாயைத் தோண்டினார்கள். இயக்குநருக்கும் ஒரு மாத்திரை கொடுத்தார்கள், ஜீரணத்துக்கு.

வாலுவின் வயிற்று வலி போனது. முகத்தில் ரத்தம் ஊறியது. பாதம் மட்டும் முழுசாகத் தூக்கவில்லை.

"மார்ச்சுலயே ஆரம்பிச்சிருந்தா..." என்று தொடங்கிய டாக்டரம்மா, தையல்காரரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நிறுத்தி என்ன பயன்? மீதியை அவர் தினமும் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். துணியை வெட்டும்போது சொல்லிக்கொள்கிறார், பொத்தான் தைக்கும்போது சொல்லிக்கொள்கிறார்.

அடுத்த வருஷம் செப்டம்பர் நெருங்கும்போது பியூன் கடைக்கு வந்தார். கல்லின் முதலாம் ஆண்டு நிறைவாம். ஈயம் என்ற வார்த்தைக்குத் தேதி இல்லாததால் அதற்கு விழா கிடையாது. கல்லுக்குத் தேதி இருக்கிறது.

"அந்த சிவப்புத் திரை உங்ககிட்டதானே இருக்கு? வரலாற்றுப் பொருள்னு எழுதி வச்சிருக்காங்க. இல்லாம விழா நடத்த முடியாதாம். குடுத்துடுங்க."

தையல்காரர் மெஷினை நிறுத்தவில்லை.

"அது இங்க இல்லைங்க."

"அப்ப எங்க இருக்கு?"

அவர் தெருப்பக்கம் தலையை அசைத்துக் காட்டினார். பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகளின் கூட்டத்துக்குப் பின்னால், கொஞ்சம் பின்தங்கி, ஒரு பாதத்தை இழுத்துக்கொண்டு வாலு போய்க்கொண்டிருந்தாள். செருப்பு கழன்றுவிடாமல் இருக்க, கணுக்காலைச் சுற்றி இரண்டு பட்டைகள். நல்ல சிவப்பு வெல்வெட், இந்த முறை மெஷினில் இரட்டைத் தையல் போட்டது.